அடுத்தது ஹேமர்லாக் தானே? சால்சாவில் மூவ்களைக் கோப்பதும் பழக்கத்தை உடைப்பதும்

சால்சா என்ற ஜோடி நடனத்தைக் கற்க ஆரம்பித்து ஐந்தாவது மாதம். ஒரு சோஷியலில், அதாவது யாரும் யாரோடும் ஆடக்கூடிய நடன மாலையில், அதுவரை பார்த்திராத ஒரு பெண்மணியோடு ஆடிக்கொண்டிருந்தேன். பாட்டு பாதிகூடப் போகவில்லை. இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நான் இடது கையைத் தூக்கத் தொடங்கியதும் அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "அடுத்தது ஹேமர்லாக் தானே?"

ஹேமர்லாக்தான், எதிரில் இருப்பவரின் ஒரு கை அவர் முதுகுக்குப் பின்னால் போய் நிற்கும் மூவ். அதற்கு அடுத்தது என்ன என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. கிண்டல் என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனால் மிச்சப் பாட்டு முழுக்க என் கை எங்கே போவதென்று தெரியாமல் முழித்தது.

அடுத்த வாரம் நண்பன் கையில் போனைக் கொடுத்து, நான் ஆடும் ஒரு பாட்டை முழுசாக வீடியோ எடுக்கச் சொன்னேன். வீட்டில் உட்கார்ந்து எண்ணினேன். ரைட் டர்ன், அதாவது எதிரில் இருப்பவரை வலப்பக்கம் சுற்ற வைப்பது, 19 முறை. அதில் 14 முறை அதற்கு முன்னால் வந்தது கிராஸ் பாடி லீட், அதாவது அவரை எனக்குக் குறுக்காகக் கடக்க வைத்து இடம் மாறுவது. வகுப்பில் இருபதுக்கும் மேல் மூவ் கற்றிருந்தேன். ஆடியது நான்கே நான்கு, அதுவும் ஒரே வரிசையில்.

இந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பேசிக் (அடிப்படை அடி), கிராஸ் பாடி லீட், ரைட் டர்ன், இன்சைட் டர்ன் (கடந்துகொண்டே இடப்பக்கம் சுற்றுவது) இவை நான்கும் தடுமாறாமல் வந்தால் போதும். நான் சொல்லும் கவுண்ட் எல்லாம் லாஸ் ஏஞ்சலஸ் பாணி, அதாவது 1-இலேயே முன்னால் அடி வைக்கும் 'ஆன் 1'. நியூயார்க்கில் நடன ஆசிரியர் எடி டோரஸ் பரப்பிய 'ஆன் 2' கற்பவர்களும், கியூபாவின் சால்சா பாணியான கசினோ ஆடுபவர்களும் கவுண்ட்டை மட்டும் தங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் ஒரு கணக்கு

சோஷியலில் போடும் பாட்டுகளில் நிமிடத்துக்கு 180 துடிப்பு என்பது சாதாரண வேகம். அந்த வேகத்தில் எட்டு கவுண்ட் ஓடி முடிய 2.7 விநாடிதான் ஆகும். நாலு நிமிடப் பாட்டு என்றால் 90 எட்டு. வகுப்பில் மனப்பாடம் செய்த ஆறு எட்டு நீளமுள்ள ஒரு தொடரை வைத்துக்கொண்டு போனால், ஒரு பாட்டிலேயே அது 15 முறை திரும்ப வரும். எதிரில் இருப்பவருக்கு மூன்றாவது சுற்றிலேயே தெரிந்துவிடும்.

இன்னும் பத்து மூவ் கற்றுக்கொண்டால் தீர்ந்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் அடுத்த லெவல் வகுப்புக்குப் பணம் கட்டினேன். தீரவில்லை, மனப்பாடத் தொடர்தான் நீளமானது. மாறாக, ஐந்து மூவ் மட்டும் தெரிந்து, எதிலிருந்தும் எதற்கும் போகத் தெரிந்தால், இரண்டிரண்டாகக் கோப்பதற்கே 25 வழி இருக்கிறது. மூன்று மூன்றாகக் கோத்தால் 125. அதனால் புது மூவ் கற்பதைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வையுங்கள்.

ஒவ்வொரு மூவுக்கும் நுனி பாருங்கள்

ரயில் பெட்டிகளைக் கோப்பதுபோல நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதைவிட, கொக்கி எப்படி இருக்கிறது என்பதுதான் கோப்பவருக்கு வேண்டும். ஒரு மூவ் எட்டு கவுண்ட்டின் 7-இல் முடியும்போது மூன்று கேள்வி கேளுங்கள். எந்தக் கை எந்தக் கையைப் பிடித்திருக்கிறது? எதிரில் இருப்பவர் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார்? யாருக்கு எந்தக் கால் காலியாக இருக்கிறது?

மூன்றாவது கேள்விக்குச் சால்சாவில் விடை அநேகமாக ஒன்றுதான். 1-இல் லீடர் (ஆட்டத்தை நடத்துபவர்) இடது காலை முன்னால் வைப்பார், ஃபாலோயர் (அவர் காட்டுவதைப் பின்பற்றுபவர்) வலது காலைப் பின்னால் வைப்பார். 4-இலும் 8-இலும் கால் நிற்கும். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கை காதில் ஊறியவர்களுக்கு இந்த எட்டு சீக்கிரம் பிடிபடும். ஆனால் 4-இல் நிற்பதற்குக் கொஞ்சம் பாடுபட வேண்டும். ஆக, கால் தானாகச் சரியாகிவிடும். பார்க்க வேண்டியது கையும் திசையும்தான்.

ஒரு நோட்டை எடுத்து, உங்களுக்குத் தெரிந்த மூவ் ஒவ்வொன்றுக்கும் 'தொடக்கம்', 'முடிவு' என இரண்டு பக்கம் போட்டு எழுதுங்கள். உதாரணத்துக்கு, சாதாரண கிராஸ் பாடி லீட்: லீடரின் இடது கையில் ஃபாலோயரின் வலது கை, எதிரெதிரே நின்று தொடக்கம், அதே கை, அதே எதிரெதிர் நிலை, இடம் மட்டும் மாறி முடிவு. ரைட் டர்னும் அதே கை, அதே நிலை. இன்சைட் டர்னும் அப்படியே. அதாவது இவை மூன்றையும் எந்த வரிசையில் வேண்டுமானாலும் அடுக்கலாம், எதுவும் சிக்காது. ஐந்து மாதம் ஆடியும் இதை நான் எழுதிப் பார்க்கும்வரை கவனிக்கவில்லை.

ஹேமர்லாக் அப்படி இல்லை. இரண்டு கையையும் பிடித்து, இடது கையை மேலே தூக்கி ரைட் டர்ன் கொடுத்து, வலது கையைத் தாழ்வாகவே வைத்திருந்தால், ஃபாலோயரின் இடது கை அவர் முதுகுக்குப் பின்னால் போய் நிற்கும். இந்த முடிவிலிருந்து எல்லா இடத்துக்கும் போக முடியாது. வலப்பக்கமாகச் சுற்றிப் பூட்டியதை இடப்பக்கமாகச் சுற்றித்தான் திறக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு கையை விட வேண்டும். எனக்குத் தெரிந்தது ஒரே வழி: கிராஸ் பாடி லீட் கொடுத்து இன்சைட் டர்னில் திறப்பது. அந்தப் பெண்மணி அடுத்ததையும் சரியாகச் சொல்ல முடிந்தது இதனால்தான். நான் உள்ளே போனால் வெளியே வர ஒரு கதவுதான் இருந்தது. இடது கையை விட்டுவிட்டு, பின்னால் இருக்கும் கையை மட்டும் பிடித்து மெல்ல அவரைத் திரும்ப வைப்பது இரண்டாவது கதவு. அது தெரிந்த பிறகு ஹேமர்லாக் எனக்கே புதிதாக இருந்தது.

இடையில் ஒரு பேசிக் போடுங்கள், பிறகு எடுங்கள்

நோட்டில் எழுதியாயிற்று. இப்போது இரண்டு மூவை எடுத்து, நடுவே ஒரு பேசிக் வைத்து ஆடுங்கள். அந்த எட்டு கவுண்ட் உங்களுக்கு யோசிக்கக் கிடைக்கும் நேரம். பேசிக் போட வெட்கப்படாதீர்கள். நல்ல டான்சர்கள் ஆடுவதை உட்கார்ந்து பார்த்தால் அவர்கள் எவ்வளவு பேசிக் போடுகிறார்கள் என்று ஆச்சரியமாக இருக்கும்.

பத்து முறை சுலபமாக வந்த பிறகு நடுவில் இருக்கும் பேசிக்கை எடுத்துவிடுங்கள். முதல் மூவின் 7 முடிந்து, 8-இல் கால் நின்று, அடுத்த 1-இல் இரண்டாவது மூவ் தொடங்க வேண்டும். சிக்கினால் பேசிக்கை மறுபடி வையுங்கள். சாதாரணப் பயிற்சிதான். ஆனால் வகுப்பில் இதைத் தனியாகச் சொல்லித் தருவதை நான் பார்த்ததில்லை.

ஒரே தொடக்கம், நாலு முடிவு

இதுதான் இந்தக் கட்டுரையிலேயே எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கிராஸ் பாடி லீட்டின் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். லீடர் 1-இல் முன்னால், 2-இல் எடையை வலது காலுக்கு மாற்றி, 3-க்குள் இடப்பக்கமாகக் கால்வாசி வட்டம் திரும்பி, பாதையை விட்டு விலகி நிற்கிறார். ஃபாலோயருக்கு முன்னால் இப்போது திறந்த வழி இருக்கிறது. இதுவரைக்கும் இருவரும் எந்த மூவும் ஆடவில்லை. வெறும் நாற்சந்தியில் நிற்கிறார்கள்.

5-இல் என்ன நடக்கும் என்பது 3-க்கும் 4-க்கும் நடுவில் கை என்ன சொல்கிறது என்பதைப் பொறுத்தது. கை இடுப்பளவில் தாழ்வாகவே போனால் ஃபாலோயர் நேராக நடந்து கடப்பார். அது சாதாரண கிராஸ் பாடி லீட். கை அவர் நெற்றி உயரத்துக்குப் போனால் கடந்துகொண்டே இடப்பக்கம் சுற்றுவார். அது இன்சைட் டர்ன். சுற்றுவதற்கான திசையை மட்டும் காட்டிவிட்டுக் கையை விட்டால், அவர் தனியாகச் சுற்றிக்கொண்டு போவார். அவர் கடக்கும்போது அவருடைய வலது கையை உங்கள் இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டால், கைகுலுக்குவதுபோல வலதும் வலதும் பிடித்து முடிப்பீர்கள். அங்கிருந்து இன்னொரு உலகமே இருக்கிறது.

தொடக்கம் ஒன்று, முடிவு நாலு. வீட்டில் ஒரு பாட்டைப் போட்டு, ஒவ்வொரு எட்டும் கிராஸ் பாடி லீட்டாகவே தொடங்கி, நாலில் ஒன்றாக மாற்றி மாற்றி முடியுங்கள். இரண்டு முறை தொடர்ந்து ஒரே முடிவு வரக்கூடாது என்பது ஒன்றே விதி. பத்து நிமிடத்தில் வியர்த்துவிடும், காலைவிட மண்டைக்குத்தான் வேலை அதிகம்.

கை எப்போது பேச வேண்டும்

புதிதாக லீட் பண்ணுபவர்கள் இரண்டு விதமாகத் தவறுகிறோம். 1-இலேயே கையைத் தூக்கி, அடுத்து வருவதை ஊருக்கே தண்டோரா போடுகிறோம். இல்லையென்றால் 5-இல் தூக்குகிறோம். அதற்குள் ஃபாலோயர் கால் வைத்தாயிற்று. 180 துடிப்பு வேகத்தில் ஒரு கவுண்ட் என்பது விநாடியில் மூன்றில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் வைத்த காலை யாரும் திருப்பி எடுக்க முடியாது. அப்புறம் இழுக்க வேண்டியதுதான், தோள் வலிக்க.

இதற்குப் பாட்டே உதவி செய்கிறது. கொங்கா டிரம்மைத் தனியாகக் காதில் பிடியுங்கள். 2-இலும் 6-இலும் உள்ளங்கையால் 'பட்' என்று ஒரு அறை விழும். 4-இலும் 8-இலும் 'தும்-தும்' என்று திறந்த இரட்டை ஒலி வரும். கால் நிற்கும் இடத்தில்தான் டிரம் பேசுகிறது. அந்தத் 'தும்-தும்' கேட்கும்போது கை தன் உயரத்துக்கு வந்திருந்தால் சரி. எண்ணிக்கொண்டே ஆடுவதைவிட இது எனக்கு ரொம்பச் சுலபமாக வந்தது.

இன்னொன்று, பிடி. விரல்களைக் கொக்கிபோல வளைத்து, அதில் அவர் விரல்கள் தொங்கினால் போதும். கட்டைவிரலால் மேலிருந்து அழுத்தினால் ஃபாலோயரின் கை உங்கள் கைக்குள் சுழல முடியாது. சுற்றும்போது மணிக்கட்டு திருகிக்கொள்ளும்.

பழக்கத்தை உடைப்பது

இனி அந்த 19 ரைட் டர்ன் கதைக்கு வருவோம்.

"இனிமேல் ரைட் டர்ன் போடக்கூடாது" என்று முடிவுசெய்துகொண்டு போனேன். முதல் நிமிடத்திலேயே மூன்று போட்டேன். காரணம் எளிது: உடம்பிடம் 'செய்யாதே' என்று சொன்னால் அந்த இடம் காலியாகிறது, அந்தக் காலியிடத்தில் பழையதே வந்து உட்காருகிறது. அதே இடத்தில் வேறொன்றை உட்கார வைக்க வேண்டும். நான் செய்தது இதுதான்: கிராஸ் பாடி லீட் முடிந்து கை தானாகத் தூக்கிக்கொள்ளும் அந்த நொடியில், கையை இறக்கி இன்னொரு கிராஸ் பாடி லீட் போடுவது. வேறு எதையும் மாற்றவில்லை. ஆட்டம் மோசமாகத்தான் இருந்தது, இரண்டு வாரத்துக்கு. கை பாதி தூக்கி, பாதியில் இறங்கி, யாரையோ பார்த்துக் கையசைக்க நினைத்து வெட்கப்பட்டவன்போல இருந்தேன். மூன்றாவது வாரத்தில் கை தூக்குவதற்கு முன்னாலேயே அந்த ஆசை வருவது தெரிந்தது. தெரிந்துவிட்டால் பிறகு தூக்குவதும் தூக்காததும் நம் விருப்பம்.

ஒரு பாட்டுக்கு ஒரு கட்டுப்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ரைட் டர்ன் இல்லாத பாட்டு. வலது கையை மட்டும் பயன்படுத்தும் பாட்டு. எந்த மூவையும் அடுத்தடுத்து இரண்டு முறை செய்யாத பாட்டு. கீழே பார்க்காத பாட்டு. இதற்கு எதிரில் இருப்பவரின் காதைப் பார்ப்பது நல்ல வழி, கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தால் இருவருக்கும் சங்கடம்.

இதில் எல்லாவற்றையும்விட எனக்கு உதவியது டர்னே இல்லாத பாட்டு. பேசிக், கிராஸ் பாடி லீட், கையை விட்டுத் தனித்தனியாகக் கால் வேலை, அவ்வளவுதான். முதல் நிமிடம் நேரம் நகரவே இல்லை. செய்ய ஒன்றும் இல்லாததால் பாட்டைக் கேட்க ஆரம்பித்தேன். அப்போதுதான் பல சால்சா பாட்டுகள் இரண்டு பகுதியாக இருப்பது புரிந்தது. முதலில் பாடகர் கதை சொல்வதுபோலப் பாடுவார். பிறகு மோன்துனோ வரும். கோரஸ் ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் பாட, பாடகர் நடுநடுவே பதில் சொல்வார், மணி அடிக்கத் தொடங்கும், வேகம் கூடாமலே சூடு கூடும். முதல் பகுதியில் எளிமையாக ஆடி, டர்ன்களை மோன்துனோவுக்கு எடுத்து வைத்தால், அதே நாலு மூவ் வேறு ஆட்டமாகத் தெரிகிறது.

ஒரு எச்சரிக்கை: ஒரே நேரத்தில் இரண்டு பழக்கத்தைத் திருத்தப் போகாதீர்கள். குனிந்து பார்ப்பதையும், இறுக்கிப் பிடிப்பதையும், ரைட் டர்னையும் சேர்த்துக் கவனித்த ஒரு மாலையில் எனக்கு பேசிக்கே வரவில்லை.

ஃபாலோயருக்கும் பழக்கம் உண்டு

லீடர்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறார், ஃபாலோயர் என்ன செய்வார் என்று கேட்கலாம். ஃபாலோயரின் பழக்கம் முந்திக்கொள்வது. வகுப்பில் அந்தத் தொடரை அவரும் மனப்பாடம் செய்திருக்கிறார். கை லேசாக அசைந்தாலே சுற்றிவிடுவார். லீடர் சாதாரண கிராஸ் பாடி லீட் கொடுக்க நினைத்திருப்பார், இவர் ஒரு சுற்று சுற்றி வந்து நிற்பார். லீடரும் அதையே தான் கொடுத்ததாக நினைத்துக்கொள்வார். இப்படி இரண்டு பழக்கம் கைகோத்துக்கொண்டால் இருவருமே எதையும் கற்பதில்லை.

இதற்கு ஒரு பயிற்சி. இடம் விசாலமாக இருக்கும் வீட்டிலோ வகுப்பிலோ, மெதுவான பாட்டில், ஃபாலோயர் கண்ணை மூடிக்கொள்ளட்டும். லீடர் இடையிடையே 4-இல் நிறுத்திவிட்டு, வேண்டுமென்றே ஒரு எட்டு ஒன்றும் கொடுக்காமல் இருக்கட்டும். ஒன்றும் வராதபோது பேசிக்கிலேயே நிற்க முடிந்தால் ஃபாலோயர் பாஸ். அப்புறம் இருவரும் வேடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். என் கட்டைவிரல் எவ்வளவு அழுத்தமானது என்பது, இன்னொருவர் கட்டைவிரலுக்குக் கீழே என் கை மாட்டியபோதுதான் தெரிந்தது.

மூன்றாவது ஆள் கூப்பிடட்டும்

கியூபாவில் ருவேதா தெ கசினோ என்று ஒன்று உண்டு. 1950களின் பிற்பகுதியில் ஹவானாவில் கசினோ தெப்போர்த்தீவோ என்ற கிளப்பைச் சுற்றி வளர்ந்தது. பல ஜோடிகள் வட்டமாக நின்று ஆட, ஒருவர் மூவின் பெயரைக் கூவுவார். எல்லாரும் ஒரே நேரத்தில் அதைச் செய்ய வேண்டும். 'தாமே' என்றால் அடுத்த ஜோடியின் ஃபாலோயரோடு சேர்ந்துகொள்ள வேண்டும். 'தீலே கே நோ' என்பது நம் கிராஸ் பாடி லீட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரம். வட்டமும் ஆள் மாறுவதும் பார்த்தால் நமக்குக் கோலாட்டம் ஞாபகம் வரும். ஒரு வித்தியாசம், இங்கே அடுத்தது என்ன என்பது கூப்பிடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

இதன் சின்ன வடிவம் ஒன்றை வீட்டில் செய்யலாம். ஒரு ஜோடி ஆட, மூன்றாவது ஆள் சோபாவில் உட்கார்ந்து உங்கள் நோட்டில் இருக்கும் பெயர்களைத் தோன்றியபடி கூப்பிடட்டும். 5-க்கும் 6-க்கும் நடுவில் கூப்பிட வேண்டும். அப்போதுதான் அடுத்த 1-க்குத் தயாராக நேரம் இருக்கும். வரிசையை நீங்கள் தேர்ந்தெடுக்காததால் பழக்கத்துக்கு இடமே இல்லை. எந்தக் கொக்கி எந்தக் கொக்கியில் மாட்டாது என்பதும் இதில்தான் பட்டவர்த்தனமாகத் தெரியும். ஹேமர்லாக்கில் நிற்கும்போது "ரைட் டர்ன்!" என்று கூப்பிட்டுப் பாருங்கள், புரியும்.

சோஷியலில் போய்

பயிற்சியில் இருக்கும் மூவ் தொடரை முன்பின் தெரியாதவரிடம் பரிசோதிக்காதீர்கள். அவரோடு முதல் நிமிடம் பேசிக்கும் கிராஸ் பாடி லீட்டும் மட்டும் ஆடி, அவர் கை எவ்வளவு இறுக்கம், எவ்வளவு வேகம் என்று பாருங்கள். கூட்டம் நெருக்கியடித்தால் கடக்கும் பாதை ஒரே கோட்டில் இருக்கட்டும்; பக்கத்து ஜோடியின் கோட்டுக்குள் ஃபாலோயரை அனுப்பி வைப்பது லீடரின் குற்றம். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகும் எந்த மூவிலும் கொஞ்சம் தடை தெரிந்தாலும் உடனே விட்டுவிடுங்கள். எல்லாத் தோளும் ஒரே அளவுக்குத் திரும்பாது. தளத்தில் நின்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம், அவர் கேட்டாலொழிய.

சிக்கிக்கொண்டால்? கையை விட்டுவிட்டு, எதிரில் நின்று பேசிக் போட்டு, 1-க்குக் காத்திருங்கள். சிரிக்கலாம். அதுவும் ஒரு முடிவுதான், அதிலிருந்து எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

போன மாதம் நண்பனிடம் மறுபடி போனைக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்தேன். ரைட் டர்ன் ஐந்து, ஹேமர்லாக் ஒன்று. வலதும் வலதும் பிடிக்கும் அந்தக் கைகுலுக்கல் பிடி மட்டும் 16 முறை. அடுத்த வாரப் பாட்டுக்கான கட்டுப்பாடாக அதை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.